பசையில் சிக்கனம்

சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் அதைக் காட்டுவதற்கு இடம் அறிய வேண்டும். எங்கள் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் எவரும், கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டும் நாரில் காசு மிச்சம் பிடிப்பதில்லை. நாமோ பட்டதாரி; ஆகையால் நாற்காலிப் பசையில் மிச்சம் பிடித்தோம்.

நம் தாயாருக்கு ஆடும் நாற்காலி ஒன்று செய்விக்க விரும்பினோம். அதன் அடியில் வளைந்த கட்டைகள் இரண்டு வேண்டும். ஒரே பலகையில் வளைவாக அறுத்தால் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் முறிந்துவிடும். ஆகவே தேக்கை மெல்லிய பட்டைகளாக இழைத்து, பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சில் இறுக்குவதாக ஆசாரி சொன்னார். அதற்கு யூரியா பிசின் வேண்டும் என்றார். மதுரைக்குப் போக வேண்டும். முழு டப்பாவாக வாங்கவும் வேண்டும். வீட்டிலோ பாதி டப்பா வெண்பசை இருந்தது. "மரத்தை ஒட்டுவதுதானே? இதுவே போதும்" என்று உத்தரவிட்டோம்.

தை மாதம் நாற்காலி வந்தது. சித்திரை வெயிலில் அதன் ஆட்டம் குறைந்தது. வைகாசியில், ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்த உறவினர் முன்னிலையில், ஒரு பட்டை படீரென்று பிளந்தது. தாயார் தூணைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார். ஆசாரியை வரவழைத்துத் தெருவே கேட்கும்படி ஏசினோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் பதில் பேசாமல் கட்டையின் நுனியில் விரலை ஓட்டினார். சமமாக இழைத்திருந்த நுனிகள் படிக்கட்டுப்போல் நின்றன. "ஒட்டு விட்டது பிறகுதான், வாத்தியாரய்யா. முதலில் நழுவியிருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான்: வளைத்த பட்டை ஒவ்வொன்றும் நிமிர்வதற்கு ஓயாமல் முயல்கிறது. வெண்பசை உலர்ந்த பின்னும் சற்று இளகுந்தன்மை உடையது; உஷ்ணத்தில் இன்னும் இளகும். சாதாரண மூட்டுகளுக்கு அது உத்தமமான பசை; ஓயாத இழுப்புக்கோ மெல்ல இடம் கொடுத்துவிடும். யூரியா பிசின் இறுகினால் கல்தான். எபாக்ஸியும் ஏற்றதே, இடைவெளியைக்கூட நிரப்பும், விலைதான் அதிகம். தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வஜ்ஜிரமும் எளிதில் நழுவாது. ஆனால் ஆறியதும் உறைந்துவிடுவதால் பல பட்டைகளை அடுக்க அவகாசம் தராது. ஈரமும் அதற்கு ஆகாது. 1830-களில் ஜெர்மனியில் மைக்கேல் தோனட் என்பவர் பட்டைகளைப் பசையில் வேகவைத்து வளைத்தே நாற்காலி செய்தார். ஈரக் காற்றில் அந்த ஒட்டு நிலைக்காமையும் ஒரு காரணமாக, பின்னர் முழு மரத்தையே நீராவியில் வளைக்கும் முறைக்கு மாறினார்.

மறுநாளே மதுரைக்குப் போனோம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகையால் ஆசாரி பட்டைகளை அன்றைக்கே புதிதாக இழைத்து, உடனே பிசின் தடவி அச்சில் இறுக்கினார். ஒரு பகலும் ஓர் இரவும் அதைத் தொடக்கூடாது என்றார்.

ஏசியது தெருவில் அல்லவா? மன்னிப்பையும் தெருவில் நின்றே கேட்டோம். ஆசாரி அச்சைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார்.

"இறுகட்டும், வாத்தியாரய்யா, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்றார்.