வைகாசியில் எழுதிய ‘இல்லை’

2019 மே மாதம். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையை விட்டு விலகி, ஒரு வடிகாலை ஒட்டிய தரிசில் நின்றுகொண்டிருந்தேன். எரிவாயுக் கிணறு தோண்ட உத்தேசித்திருந்த இடம் அது. தாவரவியல் முதுகலை முடித்த கையோடு ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கிடைத்த வேலை. அங்கே என்னென்ன செடிகொடி இருக்கிறது என்று கணக்கெடுக்க இரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள்.

மரங்களுக்குப் பத்துக்குப் பத்து மீட்டர், புதர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, சிறுசெடிகளுக்கு ஒன்றுக்கு ஒன்று. கயிறு கட்டி, உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேல், எருக்கு, கரை நெடுக நெய்வேலி காட்டாமணக்கு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டோம். படிவத்தில் இரண்டு கேள்விகள் மிச்சமிருந்தன. ஈரநிலம் உண்டா? அரிய தாவரங்கள் உண்டா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன்.

பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு வழக்கமாகக் கேட்பது ஒரு பருவத்துத் தரவு. அதுவும் மழைக்காலம் நீங்கலாக. காற்றில் தூசு எவ்வளவு என்று அளக்க அது சரிப்படலாம். ஐப்பசியில் முழங்கால் தண்ணீரும் வைகாசியில் வெடிப்புமாக இருக்கிற மண்ணுக்கு அது எப்படிச் சரிப்படும்?

அந்த வருடம் கார்த்திகையில் அப்பாயியை வண்டியில் உட்காரவைத்து அதே பக்கம் போனேன். “நிறுத்துடா தம்பி, ஆரக்கீர நிக்குது” என்றாள். இறங்கிய பிறகு, மதகை வைத்துத்தான் இடம் பிடிபட்டது. நான் கயிறு கட்டிய தரிசு முழுக்கத் தண்ணீர். ஓரத்தில் ஆரை, நீர்ப்பிரம்மி, நீர்முள்ளி. நடுவே ஆம்பல். தண்ணீருக்கு மேலே சின்னச் சின்னக் கதிராக ஒரு பூ. தள்ளி, நத்தைகுத்தி நாரைகள் பத்துப் பன்னிரண்டு.

“அது என்ன பூ அப்பாயி?”

“கொட்டிடா. பஞ்சத்துல இதோட கெழங்கத்தான் அவிச்சுத் தின்னோம்.”

“மே மாசம் வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்லையே?”

“எங்க போவும்? சேறு காஞ்சா கெழங்கு உள்ளுக்குள்ள கெடக்கும். நீ அது மேலதான் நின்னுருப்ப.”

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கீரையைக் கிள்ளியபடியே கேட்டாள்: “தெரியலன்னு எழுதியிருக்கலாம்ல?”

அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கொட்டியோ ஆரையோ அரிய தாவரம் இல்லை. டெல்டாவில் தண்ணீர் நிற்கிற பள்ளமெல்லாம் முளைப்பவை. அரியது இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், ஒரு ஊரே தின்று பிழைத்த செடிக்குப் பட்டியலில் இடமில்லாமல் போகிறது. ஈரநிலம் என்ற சொல்லும் அப்படித்தான். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நெல்வயலையும், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ராம்சர் நாடுகளோ 2008-லேயே தென்கொரியாவில் கூடி, நெல்வயல்களை ஈரநிலமாக மதித்துத் தனித் தீர்மானம் போட்டிருந்தன. எங்கள் பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் பாசன ஏரிதான். பறவைகளால் 2022-ல் அது ராம்சர் தலமானது. நத்தைகுத்திகள் கூடு கட்டுவது ஏரியில் என்றாலும் நத்தை பொறுக்குவது வயலில்தானே?

லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். சில ஆண்டுகள் இங்கேயே தங்கிச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். வெயிலையும் மழையையும் இங்கிருந்தே பார்த்தவர். எனக்குக் கிடைத்தது அரை நாள். அப்பாயிக்கு எழுபது வருடம். அவளை நான் கேட்கவில்லை.

2020 ஜனவரியில் விதி இன்னும் தளர்ந்தது. சோதனைக் கிணறுகளுக்குத் தாக்க மதிப்பீடும் வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம் என்றது மத்திய அரசு. அதாவது, நான் செய்த அரைகுறைக் கணக்கெடுப்புகூடத் தேவையில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஓடும் கிணறுகள் ஓடலாம், புதிது கூடாது. எங்கள் தரிசுக்குக் கிணறு வரவில்லை. அது என் அறிக்கையால் அல்ல, தெருவில் உட்கார்ந்த விவசாயிகளால். அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அந்த இடம் என்றோ போயிருக்கும்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். கணக்கெடுப்பதை விடவில்லை. கார்த்திகை தோறும் அந்த மதகடிக்குப் போகிறேன். என் நோட்டில் செடியின் பெயருக்குப் பக்கத்தில் மாதம், தண்ணீரின் ஆழம், பெயர் சொன்னவர் யார் என்று மூன்று கட்டங்கள். நாலாவதாக ‘தெரியலை’ என்று ஒன்று. போன முறை அதில்தான் நிறைய எழுத வேண்டியிருந்தது.