நிற்காமல் இருக்கப் பழகுதல்: நிலாவெளி நாட்குறிப்பு

வெள்ளி மாலை, இரத்மலானை

பொசன் விடுமுறை. காலி வீதியில் வெளிச்சக்கூடுகள் தொங்குகின்றன. இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் வரிசைகளைக் கடந்துதான் இன்றிரவு பஸ் போகவேண்டும். தங்கை வங்கியில் திங்கட்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய மகள் மத்தியானம் தொடக்கம் ஸ்னோர்க்கல் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். சோற்றுக்குக் கூப்பிட்டபோதும் கழற்றவில்லை.

"கடல் வீட்டுக்குப் பக்கத்தில கிடக்க, இருநூற்றைம்பது கிலோமீற்றர் தாண்டிப் போய்க் கடல் பாக்கப் போறியளோ?" என்று முன்வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஆனி மாதம். சோழகக் காற்று நேரே எங்கள் கரையில் வந்து முட்டும் காலம். ரயில் பாதைக்கு அப்பால் அடுக்கிய கருங்கற்களில் அலை மோதி, ரயிலில் யன்னலோரம் இருப்பவரின் சட்டையை நனைக்கும். 2020 ஆம் ஆண்டு கல்கிசையிலும் எங்கள் பக்கத்திலும் கடலடி மணலை அள்ளிக் கொட்டிக் கரையை அகலமாக்கினார்கள். அந்தச் சோழகத்திலேயே அதில் பெரும்பங்கு கரைந்துபோனதை ஊரே நின்று பார்த்தது. இந்தக் கடலில் இந்த மாதத்தில் குளிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டார் விடமாட்டார்கள்.

அதே காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து, கிழக்குப் பக்கம் போய்ச் சேரும்போது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலையை எழுப்பாது, தள்ளிப் படுக்க வைக்கும். அதனால் வைகாசி முதல் புரட்டாதி வரை நிலாவெளிக் கடல் குளம். வாடை தொடங்கியதும் எல்லாம் மாறும்: கிழக்கு கொந்தளிக்க, மேற்கில் ஹிக்கடுவைக்காரர் கண்ணாடி அடிப் படகுகளைத் தண்ணீரில் இறக்குவார்கள். வருடம் முழுவதும் எங்கேயோ ஓரிடத்தில் கடல் அமைதியாக இருக்கும் நாடு இது. அந்த இடம் எது என்று தெரிந்திருந்தால் போதும்.

எழுதிக்கொண்டிருக்கையில் கூரைக்கு மேலால் ஒரு சிறிய பயிற்சி விமானம் போகிறது. 1947 மார்கழி 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதற் பயணம் இரத்மலானை ஓடுபாதையிலிருந்துதான் காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் போனது. எங்களுக்கு விமானம் கட்டுப்படியாகாது. புறக்கோட்டையில் பஸ்.

சனி, நிலாவெளி

விடியப்புறம் கந்தளாயில் பஸ் நின்றது. தேநீர் குடித்தோம். தயிர்ச் சட்டிகள் வீதியோரம் அடுக்கியிருந்தன; திரும்பும்போது வாங்கலாம் என்று தங்கை கணக்குப் போட்டாள். திருகோணமலையிலிருந்து ஓட்டோ. உப்புவெளி, சாம்பல்தீவு, பிறகு உப்பளங்கள், பனை, நிலாவெளி.

அறையில் பையை வைத்தோம். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் செய்ய வந்தோம். கரையில் ஒரு வேப்பமர நிழலில் பாய் விரித்துப் படுத்தால், எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு. தூரத்திலிருந்து பார்க்க அப்படியொன்றும் பெரிதில்லை: பாறை, கொஞ்சம் பற்றை, உச்சி 45 மீற்றர் உயரம் வரும். பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் சுற்றியுள்ள கடலோடு சேர்த்து 471 ஹெக்டயர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அதற்குமுன் வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் குறியாகப் பாவித்தார்கள். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்கள் அதையும் தாங்கி மிஞ்சியிருக்கின்றன. எங்கள் ஊர்க் கோயில் கோபுரங்களில் இருக்கும் அதே சாதிப் புறாதான். ஆனால் மனிதர் கட்டியதை நம்பியிராமல் பாறையில் வாழும் கூட்டத்தை இலங்கையில் காண்பது அரிது.

நாளைக்குப் படகு பேசப் போனோம். படகோட்டித் தம்பி முப்பது வயது மதிக்கலாம். தகப்பனோடு கரைவலை இழுத்து வளர்ந்தவர். சுனாமி வந்த 2004 மார்கழி 26 அன்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"நீந்தத் தெரியுமா?" என்றார். எனக்கு அரைகுறை, தங்கைக்குத் தெரியாது, அவள் மகளுக்குப் பள்ளிக்கூட நீச்சல்.

"நீந்தத் தெரியாட்டிப் பரவால்ல. லைஃப் ஜக்கெட் இருக்கு. நிக்காம இருக்கத் தெரியணும். அதுதான் முக்கியம்."

அவர் விளக்கியது இது. முருகைக்கல் இடுப்பளவு ஆழத்திலும் இருக்கும். ஸ்னோர்க்கல் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் போனதும் பயந்தவர் முதலில் செய்வது காலை ஊன்றுவது. ஊன்றிய இடத்தில் கல் உடையும், காலும் கிழியும். ஆகவே இன்று பின்னேரம் இந்தக் கரையிலேயே, மணற் தரையில், பழகிக்கொள்ளச் சொன்னார்.

பழகினோம். தங்கை முழுக்கை ரீ-சேட்டோடும் கறுப்பு லெக்கின்ஸோடும் இறங்கினாள். சல்வார் போட்டால் நனைந்து கீழே இழுக்கும். முதலில் முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு. மூக்கு அடைபட்டவுடன் மூச்சே அடைபட்டது என்று மனம் நினைத்துக்கொள்ளும். அது பொய் என்று நெஞ்சுக்குப் புரியச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. கண்ணாடியில் துப்பித் தேய்த்துக் கழுவினால் ஆவி படியாது. குழாயில் தண்ணீர் ஏறினால் "தூ" என்று ஊதினால் போதும், எழும்பத் தேவையில்லை. இந்த மூன்றும் வந்தபிறகு தங்கை அரைமணி நேரம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு மிதந்தாள். மணலில் ஒன்றுமே இல்லை. எழும்பமாட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகு கோணேசர் கோயில். சுவாமிமலை விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது ஆர்தர் சி. கிளார்க் நினைவுக்கு வந்தார். 1956 இல் அவரும் கூட்டாளி மைக் வில்சனும் இந்த மலையடியில்தான் சுழியோடினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. வில்சன் பின்னாளில் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆனார். விண்வெளிக் கதை எழுதிய கிளார்க் இலங்கையில் தங்கிவிட்டதற்குக் காரணம் இந்தக் கடல். எடையில்லாமல் இருப்பது எப்படி என்று அறிய ரொக்கட் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் கால்கள் தளர்ந்து சக்கர நாற்காலிக்குப் போனபிறகும் கடலுக்குள் இறங்கினார். தரையில் நடக்க முடியாதவருக்கும் தண்ணீரில் இடமிருந்தது.

ஞாயிறு, புறாமலை

கரையில் டிக்கட் எடுத்து, பத்து நிமிடத்தில் தீவு. இறங்கும் கரையில் மணலைவிட உடைந்த முருகைத் துண்டுகளே அதிகம். வெள்ளை வெள்ளையாக, விரல் விரலாக. நடந்தால் கிண்கிணிக்கும்.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் அடித்தளம் கிட்டே வந்துவிட்டது. நீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்க்கையில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ளதைவிடப் பக்கத்திலும் தெரியும். கிளைவிட்ட கொம்பு முருகைகள், மூளை மடிப்புகள் போட்ட உருண்டைக் கற்கள், மேசை விரித்தமாதிரித் தட்டைகள். திருகோணமலைப் பகுதியில் ஏறக்குறைய நூறு வகை முருகையும் முந்நூறு வகை மீனும் பதிவாகியிருக்கின்றன; அவற்றில் பல இந்தத் தீவைச் சுற்றி இருக்கின்றன. எனக்குப் பெயர் தெரிந்தவை சொற்பம். தெரிந்தவையும் சந்தையில் தெரிந்தவை. ஓராக் கூட்டமொன்று பாசி மேய்ந்துகொண்டு போனபோது எனக்கு முதலில் வந்தது கூழ் நினைவு. கலவாய் ஒன்று கல்லிடுக்கில் வாயைத் திறந்து வைத்திருந்தது, குழம்பு. வெள்ளவத்தை மீன்கடையில் அறுபது வருடம் மீன் பார்த்த கண் வேறென்ன பார்க்கும்? தங்கையின் மகள்தான் சமைக்கத் தெரியாத வயதில் சரியாகப் பார்த்தாள்: மஞ்சள் வண்ணாத்தி மீன்கள் சோடி சோடியாகத்தான் திரிகின்றன என்று கண்டுபிடித்தது அவள்.

கிளிமீனின் சத்தத்தையும் கேட்டோம். கறுக், கறுக். அது பாசிக்காகக் கல்லைக் கடித்து அரைத்து, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. வெப்பக் கடல்களில் வெள்ளைக் கடற்கரையில் படுத்திருப்பவர் அதில் ஒரு பங்கு கிளிமீனின் எச்சத்தில் படுத்திருக்கிறார். தங்கைக்கு இதைச் சொன்னபோது பாயைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குப் படகுகள் நிறைந்துவிட்டன. பொசன் ஞாயிறு, எதிர்பார்த்ததுதான். என்றாலும் நீருக்கடியிலிருந்து கூட்டம் எப்படித் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேலே எல்லாரும் சிரிப்பும் கூச்சலுமாக, மகிழ்ச்சியான குடும்பங்கள். கீழே கால்கள். றப்பர்ச் செருப்புக் கால்கள், வெறுங்கால்கள், கல்லின் மேல் நிலையெடுத்துப் படம் எடுக்கும் கால்கள். ஓர் இளைஞர் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு கொம்பு முருகையில் ஏறி நின்றார்; ஒரு கிளை உடைந்து சுழன்று சுழன்று இறங்கியது. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவரை யாரும் முதல்நாள் மணலில் மிதக்கப் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

கொம்பு முருகை நன்றாக இருந்தால் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டைக் கல் ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. ஒரு கால் அழுத்தம் அழிப்பதை ஈடுசெய்யச் சில இடங்களில் ஒரு தலைமுறை வேண்டும்.

காலால் உடைவதுதான் பெரிய ஆபத்து என்று எழுதினால் அது பொய்யாகும். கடல் சூடாவது அதைவிடப் பெரிது. முருகையின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் நிறமும். வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தால் பாசி வெளியேற்றப்படும். எஞ்சுவது வெள்ளை எலும்பு. 1998 இல் ஹிக்கடுவை உட்பட இலங்கையின் பெரும்பாலான முருகைகள் அப்படி வெளுத்து இறந்தன. திருகோணமலைப் பக்கம் அந்த வருடம் தப்பியது. தப்பியதால்தான் நாங்கள் இன்று பார்க்க ஏதோ இருக்கிறது. டைனமைற் வெடித்து மீன்பிடிக்கும் சட்டவிரோதக்காரரிடமிருந்தும் கொஞ்சம் தப்பியிருக்கிறது. சூட்டை இரத்மலானையிலிருந்து வந்த மூன்று பேர் குறைக்க முடியாது. காலை ஊன்றாமல் இருக்க முடியும். சூட்டில் வெளுத்த கல் மீண்டெழுவதற்கு மிதியாத வருடங்கள் வேண்டும். ஆகவே சிறிய விடயம் சிறிய விடயமல்ல என்பது என் கட்சி.

மத்தியானத்துக்குள் கரை திரும்பினோம். பொரித்த பாரை, சொதி, சோறு. தங்கை மூன்று மணிவரை நித்திரை.

திங்கள்

படகோட்டித் தம்பி நேற்றே சொன்னார்: "நாளைக்கு முதல் போட்ல வாங்க. வேற கடல் பாப்பீங்க." வந்தோம். லீவு முடிந்து கொழும்புக்காரர் போய்விட்டார்கள். தீவின் மறுபக்கம் நடந்து இறங்கினோம்.

சுறாக்கள் வந்தன. முதுகுச் செட்டையின் நுனியில் மை தொட்ட கறுப்பு முனைச் சுறா. குட்டிகள் முழங்கால் ஆழத்தில், பெரியவை ஒன்றரை மீற்றர் அளவில் கொஞ்சம் தள்ளி. மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சாதி. தங்கையின் மகள் என் கையை இறுக்கினாள், ஆனால் எழும்பவில்லை. குழாயால் ஏதோ சொன்னாள், "ஊ ஊ" என்று மட்டும் கேட்டது. நாங்கள் அசையாமல் கிடந்தபோது ஒன்று திரும்பி வந்து எங்களைச் சுற்றியது. நேற்று அத்தனை பேர் கூச்சலிட்டுத் தேடியும் காணாத சுறா. பிறகு ஒரு கடலாமை, அவசரமில்லாமல் எங்களுக்குக் கீழால்.

கரையில் படகுக்குக் காத்திருந்தபோது வாக்குவாதம். டிக்கட் விலையைக் கூட்டவேண்டும் என்றாள் தங்கை. வங்கிக்காரி. விலையைக் கூட்டினால் காசுள்ளவன் கல்லில் ஏறி நிற்பான், கூட்டம் குறையாது, நிலாவெளிப் பிள்ளைகள் மட்டும் தங்கள் தீவைப் பார்க்காமல் போவார்கள் என்றேன் நான். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு கட்டவேண்டும்.

படகோட்டித் தம்பி நடுவில் வந்தார். "ஆக்களக் குறைச்சா எங்கட பிழைப்பு? வாடை தொடங்கினாப் போட்டெல்லாம் கரையில. இந்த அஞ்சு மாசம்தான் அக்கா."

குறைக்கச் சொல்லவில்லை, பரப்பச் சொல்கிறேன் என்றேன். எல்லாரும் எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் போகிறார்கள். விடிய ஒரு பகுதி, மத்தியானம் ஒரு பகுதி, பின்னேரம் ஒரு பகுதி. போகுமுன் ஒவ்வொருவரும் கரையில் கால்மணி நேரம் மிதந்து காட்டவேண்டும்.

அவர் யோசித்தார். "பின்னேரம் காத்து எழும்பும். தண்ணி கலங்கும். ஆனா மிதந்து காட்டச் சொல்றது சரி." கொஞ்சம் நிறுத்தி, "உங்கட தங்கச்சிக்குச் சொன்னமாதிரி நான் எல்லாருக்கும் சொல்றன். பத்துப் பேரில ரெண்டு பேர்தான் கேப்பாங்க. மத்தவங்க, காசு கட்டிட்டோம், போட்ட எடுங்க எண்டுவாங்க."

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாகத் தன்னை எண்ணியதில் தங்கைக்குப் பெருமை. மாலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் மறுபடி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத அந்த மணலுக்குள் முகத்தைப் புதைக்கப் போனாள்.