சிரிப்பு இறங்கும் நேரம்

பிராட்வே இசை நாடகத்துக்கு சவுண்ட் போர்டில் உட்காருபவருக்கு வசனம் மட்டும் மனப்பாடம் ஆனால் போதாது. அரங்கு எங்கே சிரிக்கும், எங்கே மூச்சைப் பிடிக்கும், எந்தப் பாட்டு முடியுமுன்பே கைதட்டும் என்பதும் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 8 காட்சிகள். சனிக்கிழமைக் கூட்டம் சத்தமாகச் சிரிக்கும், வார நடுவில் வருகிற கூட்டம் அடக்கமாகச் சிரிக்கும். சிரிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் பேசும் வரிக்கு அவருடைய மைக்கைத் திறந்து, வரி முடிந்ததும் மூடுவது எங்கள் வேலை. சில வாரங்களில் அது கைப்பழக்கமாகிவிடும்.

ஈஸ்டர் பானெட் போட்டியில் அந்தக் கைப்பழக்கம் உதவியதில்லை. அதனால்தான் நான் வேலை பார்த்த மேடைகளில் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

1987-இல் ‘லா காஜ் ஓ ஃபோல்’ நாடகக் குழுவினர் பேலஸ் தியேட்டரில் தங்களுக்குள் ஆரம்பித்த தொப்பிப் போட்டி அது. நியூயார்க் நாடக உலகினரை எய்ட்ஸ் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோன காலம். சிகிச்சைக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் தேவைப்பட்டது. 1992-இல், அதற்காக நிதி திரட்டிய ‘பிராட்வே கேர்ஸ்’, ‘ஈக்விட்டி ஃபைட்ஸ் எய்ட்ஸ்’ என்ற இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின. அந்த அமைப்புக்காக வசந்த காலத்தில் சில வாரங்களுக்கு, காட்சி முடிந்ததும் நடிகர்கள் ரசிகர்களிடம் உதவி கேட்டுப் பேசி, வேஷம் கலைக்காமலே சிவப்பு வாளியோடு வாசலில் நிற்பார்கள். வசூல் முடிந்ததும் எல்லாக் குழுக்களும் ஒரே மேடையில் கூடும். குழுவுக்குச் சில நிமிடம் பாட்டு, ஆட்டம், கேலி. கடைசியில் தாங்களே செய்த ஒரு பெரிய தொப்பியைத் தலையில் தாங்கி ஒருவர் நடந்து வருவார்.

ஒத்திகை மிகக் குறைவு. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தொழில்காரர்கள். மீதிப் பேர் நாடகத்தை உயிராக நினைக்கிற ரசிகர்கள். மேடையில் ஒரு குழு தன் நாடகத்தின் சுழல்மேடை சிக்கிக்கொண்டதை நடித்துக் காட்டினால் தொழில்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, ஒரு கணம் கழித்து மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆக ஒரே கேலிக்கு இரண்டு அலை. முதல் அலை இறங்கியதும் நடிகர் அடுத்த வரியைத் தொடங்கினால் இரண்டாம் அலை அதை அடித்துக்கொண்டு போய்விடும். நான் மைக்கை ஏற்றி அந்தச் சிரிப்பை வெல்லப் பார்த்தால் ஸ்பீக்கர் கூவும், காது வலிக்கும், சிரித்தவர்களும் சட்டென்று அடங்கிவிடுவார்கள். சிரிப்போடு சண்டை போடக் கூடாது. தேர்ந்த நடிகர் அது முழுதும் ஓயும்வரை காத்திருப்பதில்லை. உச்சியிலிருந்து இறங்கி, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே பேச ஆரம்பிப்பார். அவர் மூச்சு இழுப்பது மைக்கில் எனக்குக் கேட்கும். அதுதான் எனக்கு கியூ. எந்தப் பிரதியிலும் அது எழுதப்பட்டிருக்காது.

வேறொரு கைதட்டலும் அங்கேதான் கேட்கும். பிராட்வேயில் ‘ஸ்விங்’ என்று அழைக்கப்படும் கலைஞர்கள் உண்டு. குழு ஆட்டக்காரர்கள் பலருடைய இடங்களையும் ஒருவரே கற்று வைத்திருந்து, யாராவது வராத இரவில் மேடையேறுவார். சாதாரணப் பார்வையாளர்கள் அவர்கள் முகத்தை நினைவில் வைப்பது அரிது. பானெட் மேடையில் அப்படி ஒருவர் தனியாக ஆட வந்தால், முதல் அடி வைக்குமுன்பே அரங்கு அதிரும். நட்சத்திரங்களுக்குக் கிடைக்கும் வரவேற்பில் புகழ் இருக்கும். இதில் நன்றி இருக்கும். இரண்டும் என் காதுக்கு வேறு வேறு ஒலிதான். நன்றியில் விசில் குறைவு, கனம் அதிகம், அடங்கவும் நேரமாகும்.

டோரிஸ் ஈட்டன் டிராவிஸுக்குக் கிடைத்த கைதட்டலைப் பற்றி மூத்த சகாக்கள் சொல்லச் சொல்ல எனக்கு அலுத்ததே இல்லை. 1904-இல் பிறந்தவர். 1918-இல், 14 வயதில், நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரில் ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ஆடல்பாடல் நிகழ்ச்சியில் ஆடியவர். 80 ஆண்டு கழித்து, 1998-இல், அதே அரங்குக்கு பானெட் போட்டிக்காகத் திரும்பி வந்தார். பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் வந்தார். 2010 ஏப்ரல் 27-இல், 106 வயதில், காலை வீசி ஆடிக் காட்டிவிட்டு, கரணம் போட முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரத்தில் காலமானார். அன்று அவருக்காக எழுந்து நின்றவர்களில் பலர் முழங்கால் வலியோடு வாரம் 8 காட்சி ஆடுகிறவர்கள். அப்படிக் காலை வீச என்ன வேண்டும் என்பது அவர்களுக்கு உடம்பால் தெரியும்.

டேவிட் ஃப்ரீட்மனின் ‘ஹெல்ப் இஸ் ஆன் தி வே’ பாடல் நிகழ்ச்சியின் மரபாக இருந்தது. அதற்கு நான் இசைக்குழுவைத் தாழ்த்தியே வைப்பேன். கூட்டத்தில் சிலர் அடிக்குரலில் கூடவே பாடுவார்கள். அது மேடைக்கும் கேட்க வேண்டும்.

கடைசியாக வசூல் அறிவிப்பு. அதிகம் திரட்டிய குழுக்களின் பெயர்களைச் சொல்லி, மொத்தத் தொகையை வாசிப்பார்கள். பல ஆண்டுகளில் அது 30 லட்சம் டாலரைத் தாண்டியது. எண்ணின் முதல் இலக்கம் காதில் விழுந்ததுமே வாளி ஏந்தி நின்ற அத்தனை பேரும் கத்திவிடுவார்கள், மீதி இலக்கங்கள் யாருக்கும் கேட்காது. அப்போது நான் மைக்கை ஏற்றுவதில்லை. அவர்கள் கத்தி முடிக்கட்டும். அறிவிப்பாளர் சிரித்தபடி தாளை மறுபடி பார்த்து, தொகையை இரண்டாம் முறை வாசிப்பார். அப்போது ஏற்றுவேன்.