அரியக்குடி உலையும் ஆப்பிரிக்கா போன சிப்பாயும்

தமிழ்நாட்டில் குத்துவிளக்கு என்றதும் இரண்டு ஊர்களைச் சொல்வார்கள். கும்பகோணத்துப் பக்கம் நாச்சியார்கோயில், செட்டிநாட்டுப் பக்கம் அரியக்குடி. காரைக்குடியை ஒட்டியுள்ள அரியக்குடிக்கு வேறு பெருமைகளும் உண்டு. தென் திருப்பதி என்று கொண்டாடப்படும் திருவேங்கடமுடையான் கோயில் இங்கேதான் இருக்கிறது. கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றைய வடிவத்தைத் தந்த ராமானுஜ ஐயங்கார் 1890இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். நான் போனது கோயிலுக்கோ சங்கீதத்துக்கோ விளக்குக்கோ அல்ல. கட்டைவிரலில் பாதி உயரமே இருக்கும் ஓர் உலோகச் சிப்பாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'இதை இங்கே வார்க்க முடியுமா?' என்று கேட்கப் போனேன்.

சிப்பாயை அனுப்பியவர் லண்டனில் இருக்கும் நண்பர். மேசைப் போர் விளையாட்டில் ஊறியவர். பெரிய மேசையில் மலை, ஆறு, முள்வேலி எல்லாம் செய்து வைத்து, இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் படைகளை நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி, பழைய போர்களைத் திரும்ப நடத்திப் பார்க்கும் ஆட்டம் இது. நால்வகைப் படையையும் ஒரு பலகைக்குள் அடக்கிச் சதுரங்கம் ஆடிய நமக்கு இது புதிய யோசனை அல்ல. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாக இருந்த இதை, 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதி வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1893இல், லண்டனின் வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியிருந்தது. உள்ளே கூடாக இருந்ததால் எடையும் குறைவு, விலையும் குறைவு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சண்டை போட்ட இடத்து ஆட்களெல்லாம் பொம்மையாகி அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தார்கள்.

இந்த விளையாட்டில் காலனி கால ஆப்பிரிக்கா ஒரு தனிப் பிரிவு. 1879இல் ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையை நொறுக்கிய இசாண்ட்ல்வானா, 1880களின் சூடான் போர்கள், முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய களங்களுக்கென்றே உருவங்கள் செய்து விற்கும் கம்பெனிகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. லாரி பிரோம் என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட 'தி சுவார்ட் அண்ட் தி ஃபிளேம்' விதிமுறைப் புத்தகம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவு. வண்ணம் இல்லாமல்தான் விற்பனைக்கு வரும். வாங்குகிறவர் தீட்டிக்கொள்ள வேண்டும், அல்லது காசு கொடுத்துத் தீட்டச் சொல்ல வேண்டும். இலங்கையின் ஃபெர்னாண்டோ என்டர்பிரைசஸ் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் படைகளுக்கு வண்ணம் தீட்டித் தருவதையே தொழிலாகச் செய்கிறது. வண்ணம் தீட்ட நம் பக்கத்துக் கை போதும் என்றால் வார்ப்பதற்கு ஏன் போதாது? இந்தக் கேள்விதான் என்னை அரியக்குடிக்கு இழுத்துப் போனது.

நான் நுழைந்த பட்டறை வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. ஒரு மூலையில் உலை. இன்னொரு மூலையில் கடைசல் இயந்திரம். நடுவே கறுத்த மண் குவியல். பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. முழங்கால்வரை மடித்துக் கட்டிய வேட்டி, முன்கை முழுக்கப் பழைய தீப்பொறித் தழும்புகள். "வாங்க தம்பி, உலை காஞ்சிருச்சு, ஊத்திட்டுப் பேசுவோம்" என்றார்.

விளக்கை ஒரே வார்ப்பில் செய்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடிப்பாதம் தனி, தண்டு தனி, எண்ணெய் நிற்கும் அகல் தனி, உச்சியில் உட்காரும் அன்னம் தனி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்த்துக் கடைந்து, மரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்க்கிறார்கள். அன்று அன்னத்தின் முறை.

இரண்டு இரும்புச் சட்டங்கள், கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி. கீழ்ப்பெட்டியில் ஈரப்பதம் பார்த்துப் பிசைந்த மண்ணைக் கொட்டி இடித்தார். உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி, விரலைத் திறந்து காட்டினார். ரேகை விழுந்திருந்தது, மண் உதிரவில்லை. "இதான் பதம். ஈரம் கூடினா ஊத்துறப்ப சீறும், குறைஞ்சா அச்சு சரியும்." பித்தளை அன்னத்தின் மாதிரியைப் பாதி உடல் புதையும்படி அழுத்தினார். மேலே ஒரு பொடியைத் துணி மூட்டையால் தட்டித் தூவினார். மேல்பெட்டியை வைத்து மறுபடி மண், மறுபடி இடி. பிறகு மேல்பெட்டியைத் தூக்கிப் புரட்டினார். பொடி தூவிய கோட்டிலேயே மண் இரண்டாகப் பிரிந்து நின்றது. மாதிரியை லேசாகத் தட்டி ஆட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். அன்னத்தின் சிறகுக் கோடுகள் மண்ணில் அப்படியே இருந்தன. தேய்ந்த கரண்டியால் உலோகம் ஓட வாய்க்கால் வெட்டி, காற்று போகக் கம்பியால் துளை போட்டு, பெட்டியை மூடினார்.

மூசையில் பழைய பித்தளைச் சாமான்கள் உருகிக்கொண்டிருந்தன. யார் வீட்டுக் குடமோ, யார் வீட்டுத் தாம்பாளமோ. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், பித்தளை உருகும் சூடும் அதை ஒட்டியதுதான். அதனால் உலை அதிகம் காய்ந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் பறந்துவிடும். வெப்பமானி எதுவும் பட்டறையில் இல்லை. மூசையின் வாயில் எழும் பச்சை கலந்த ஜ்வாலையைப் பார்த்தே "போதும்" என்றார். நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்கி, நூல் பிடித்ததுபோல் ஒரே தாரையாக ஊற்றினார். பாதியில் நிறுத்தினால் உலோகத்தில் மடிப்பு விழுந்துவிடுமாம். ஊற்றி முடிக்கும்வரை கொட்டகையில் யாரும் வாய் திறக்கவில்லை.

மண்ணை உடைத்தபோது அன்னம் அழுக்கு மஞ்சள் நிறத்தில் வந்து விழுந்தது. அதை எடுத்து வைஸில் இறுக்கி அரத்தால் ராவத் தொடங்கியவர் அவருடைய மனைவி. வாய்க்கால் தடம், ஓரப் பிசிறு, மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் சேர்ந்த கோடு எல்லாம் அவர் கையில்தான் மறைகின்றன. "ஊத்துறது கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். இந்த ராவுறதுதான் பொழுதன்னைக்கும்" என்றார். அவர் பேச்சில் குறை இல்லை, கணக்கு இருந்தது. விளக்கு விலையில் பெரும்பங்கு இந்த உழைப்புதான். வாங்குகிறவர் தராசைத்தான் பார்க்கிறார்.

அப்புறம்தான் சிப்பாயை நீட்டினேன். பட்டறைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். என்ன பொம்மை, யார் செய்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் நகத்தைச் சிப்பாயின் விலாவில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "ரெண்டு மூடி அச்சு. இந்தா கோடு ஓடுது பாருங்க." எனக்குக் கோடு கண்ணில் படவே சற்று நேரம் பிடித்தது. தொடர்ந்து அவர் சொன்னதுதான் முக்கியம். "துப்பாக்கிய ஏன் நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சிருக்கான் தெரியுதா? முன்னால நீட்டினா அச்சுலேருந்து கழன்று வராது." சிப்பாய் நிற்கும் தோரணையைச் சிற்பி மட்டும் தீர்மானிப்பதில்லை, அச்சும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இத்தனை நாள் அந்த உருவத்தைக் கையில் வைத்திருந்த எனக்கோ என் நண்பருக்கோ இது தோன்றியதில்லை.

வெளிநாட்டில் இதை எப்படி வார்க்கிறார்கள் என்று நான் சொன்னேன். இருவகைப் பசையைக் கலந்து சிற்பி முதல் உருவத்தைச் செய்கிறார். இப்போது பலர் கணினியில் வடித்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கிறார்கள். அதை வட்டமான ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்குகிறார்கள். தட்டைச் சுழலவிட்டு நடுவில் உலோகத்தை ஊற்றினால், சுழலும் வேகத்தில் அது ஓரத்து உருவங்கள்வரை பாய்ந்துவிடும். உலோகம் பெரும்பாலும் வெள்ளீயக் கலவை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால்தான் ரப்பர் தாங்குகிறது. பித்தளையை ஊற்றினால் ரப்பர் கருகிப் போகும்.

"வெள்ளீயமா?" என்று சிரித்தார். ரசம் வைக்கும் ஈயச் செம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அதேதானே. "அதை உருக்க உலையே வேண்டாம், அடுப்பு போதும். ஆனா எங்க மண்ணுல இவன் மூக்கு வராது, மண் துகள் மூக்கைவிடப் பெருசு. மெழுகுல பண்ணினா வரும்." மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டு உலோகம் ஊற்றும் முறையைச் சொல்கிறார். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தெய்வ உருவங்கள் வார்ப்பது அப்படித்தான். அந்த முறையில் ஓர் உருவத்துக்கு ஓர் அச்சு, உடைத்தால் போயிற்று. படை என்றால் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆகவே ரப்பர் அச்சு இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

பிறகுதான் கேட்டார்: "ஆமா, யாரு இவன்? தலைப்பா கட்டியிருக்கான்?"

ஆப்பிரிக்காவுக்குச் சண்டைக்குப் போன இந்தியச் சிப்பாய் என்று அவன் கதையைச் சொன்னேன். 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில், ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட ஒரு படையைப் பிரிட்டிஷார் இறக்கினார்கள். பம்பாயிலிருந்து கப்பலேறிய இந்தியப் படை அது. அதில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 61ஆவது பயனியர் படையும் இருந்தன. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் ஏறத்தாழ ஆயிரம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்க அஸ்காரி வீரர்கள். கப்பலில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்த ஆட்களை முன்பின் பார்த்திராத தோப்புக்கும் புதருக்கும் நடுவே ஏவினார்கள். சரியான உளவும் இல்லை, பயிற்சியும் இல்லை. பாளையங்கோட்டைப் படை இயந்திரத் துப்பாக்கிக்கு முன் சிதறியது. குண்டுச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. துப்பாக்கிகளையும் தளவாடங்களையும் கரையிலேயே போட்டுவிட்டுப் படை கப்பலேறியது.

ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் நம்மவர் நின்றது அது முதல் முறையும் அல்ல. 1868இல் அபிசீனியாவின் மக்தலா மலைக்கோட்டைமீது படையெடுத்தபோது மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினர் போனார்கள். 1882இல் எகிப்திலும் 1885இல் சூடானின் தோஃப்ரெக்கிலும் அவர்கள் இருந்தார்கள். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தி நேட்டாலில் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் சேர்ந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம். துப்பாக்கி இல்லாமல், டோலியில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்தவர்கள் அவர்கள்.

பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாளையங்கோட்டைப் பட்டாளம் தோத்துப் போச்சா? தோத்த படைய யாரு தம்பி வாங்குவா?"

வாங்குவார்கள். இந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் வேண்டும், தோற்றவனை வைத்து ஜெயித்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஆனால் அவர் கேள்வியில் வேறொரு நியாயம் உண்டு. காலனி ஆதிக்கத்தின் சண்டையைப் பொம்மையாக்கி விளையாடலாமா என்று மேற்கில் ஆட்டக்காரர்களே விவாதிக்கிறார்கள். என் கருத்து இது: மேசையில் வெள்ளை அதிகாரியும் ஆப்பிரிக்க வீரனும் மட்டும் நின்றால், அது சாம்ராஜ்யம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. திருநெல்வேலிச் சீமைப் படைப்பிரிவும், டோலி தூக்கிய கூலியும், கிழக்கு ஆப்பிரிக்காவில் மூட்டை சுமந்தே மாண்ட ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகளும் நின்றால், யார் சண்டைக்கு யார் செத்தார்கள் என்பது விளையாடுகிறவன் கண்ணில் படும். செட்டிநாட்டு மாளிகைகளின் உச்சியில் இன்றும் துப்பாக்கியோடு நிற்கும் சுதைச் சிப்பாய்கள் காவலுக்கும் அந்தஸ்துக்கும் வைக்கப்பட்டவர்கள். தாங்காவுக்குப் போன சிப்பாய்க்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு பொம்மைகூட நான் பார்த்ததில்லை.

தொழிலுக்கு வருவோம். விளக்குப் பட்டறையின் வருமானம் கல்யாண முகூர்த்தத்தைப் பார்த்தே ஓடுகிறது. நகரத்தார் கல்யாணச் சீரில் விளக்குக்கு இன்னும் இடம் உண்டு. ஆனால் வட இந்தியாவிலிருந்து வரும் இயந்திரச் சரக்கு விலையை இறக்குகிறது, பிள்ளைகள் சிங்கப்பூர் போய்விட்டார்கள். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு வாங்கி வெளியூர்ச் சந்தையைப் பிடித்ததுபோல, முகூர்த்தம் இல்லாத மாதங்களில் உலை காய இன்னொரு சரக்கு வேண்டும். வார்ப்புக் கணக்கும் ராவும் கையும் இங்கே தயார். இல்லாதவை ரப்பர் அச்சு இயந்திரமும், மாதிரி செய்து தரும் ஒரு சிற்பியும், முதல் ஆர்டரும்தான்.

"எத்தனை வேணும்?" என்று கடைசியாகக் கேட்டார். லாரி பிரோமின் விதிப்படி ஒரு படைப்பிரிவுக்கு இருபது பேர் போதும் என்றேன். "இருபதுக்கு அச்சுச் செலவே கட்டாது. இருநூறுன்னா யோசிக்கலாம்."

லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் மேசைப் போர் ஆடும் தமிழர்கள் இருக்கிறீர்கள். காரைக்குடியிலும் மதுரையிலும் முப்பரிமாண வடிவமைப்புப் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைப் படைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு இருபது உருவம் எடுத்துக்கொண்டால் இருநூறு வந்துவிடும். சேர்ந்து ஓர் ஆர்டர் கொடுங்கள். அரம் பிடிக்கும் அந்த அம்மாளின் கூலியையும் விலையில் சேர்த்துக் கொடுங்கள்.