புதுப் படிமமும் பழைய குரலும்

வீட்டுக்கு வெள்ளையடிக்க முனைவோர் எவரும் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டுப் பின்னர் சுவரைப் பார்ப்பதில்லை. மாட்டிய படங்களை இறக்கி, மாடத்து விளக்கை எடுத்து, பரணில் உள்ளவற்றைத் துணியால் மூடிய பிறகே மட்டை சுவரைத் தொடும். சுண்ணாம்பு கடையில் கிடைக்கும், படம் கிடைக்காது. இந்த எளிய வேறுபாட்டைச் சிறு கணிப்பொறி ஒன்று எங்களுக்கு மீண்டும் கற்பித்தது. அதனையே ஈண்டு எழுத விழைகின்றோம்.

‘ராஸ்பெரி பை’ என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பள்ளிச் சிறுவர்கள் குறைந்த செலவில் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்பதே அதனை ஆக்கியோரின் நோக்கம். முதலில் வந்த வகையின் விலை 35 டாலர். நீளம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். மேசைக் கணிப்பொறியில் இருப்பது போன்ற வன்தட்டு அதில் இல்லை. இயக்க முறைமை, நம் அமைப்புகள், நம் கோப்புகள் யாவும் பெரும்பாலும் நகத்தளவான மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்றிலேயே குடியிருக்கும். பலகை உடல் எனின், அட்டையே அதன் நினைவு.

டில்லியில் எங்கள் இல்லத்துக் கூடத்தில் இக்கருவி பாட்டுப் பெட்டியாகவும் குடும்பப் பெட்டகமாகவும் பணியாற்றுகிறது. எழுத்தறியாத எங்கள் தாயார், 1986 தொடங்கிச் சில ஆண்டுகள், கடிதத்துக்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசித் திருநெல்வேலியிலிருந்து அனுப்பி வந்தார். அவ்வாறு வந்த நாடாக்கள் பதினொன்று. அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றி வந்தோம். எட்டு நாடாக்களின் ஒலி வேறொரு வட்டிலும் சேர்ந்துவிட்டது. எஞ்சிய மூன்றும் 2024 கோடையில் ஒரு வாரத்தில் மாற்றப்பட்டவை. பழைய நாடா ஆதலின் ஒருமுறை ஓடிய அளவிலேயே அவை நைந்து போயின. மறுமுறை ஓடும் நிலையில் அவை இல்லை.

அந்த வார இறுதியில் ஓர் இரவு, மின்சாரம் நான்கைந்து முறை போய்ப் போய் வந்தது. அட்டையில் எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் அறுபட்டால், கோப்புகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் பட்டியல் சிதைவுறக் கூடும். காலையில் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டை படிக்கப்படுவதைக் காட்டும் பச்சை விளக்கோ இரண்டொரு முறை சிமிட்டி அடங்கிவிட்டது. முறைமையைப் புதிதாக நிறுவுவதன்றி வேறு வழியில்லை என்பது தெளிவாயிற்று. “எல்லாத்தையும் அழிச்சுட்டா ஆச்சி குரலும் போயிடுமாப்பா?” என்று மகள் கேட்டாள். அக்கேள்விக்கு விடை சொல்லாமல் புதிய படிமத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

அட்டையைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாக வீட்டு மடிக்கணிப்பொறியில் செருகினோம். பலர் இடறக்கூடிய இடம் இதுவே. இவ்வட்டையில் இரு பகுதிகள் உண்டு. தொடக்கத்துக்கு வேண்டிய சிறு பகுதியை எல்லாக் கணிப்பொறிகளும் படிக்கும். கோப்புகள் உறையும் பெரும்பகுதி லினக்ஸ் முறையில் அமைந்தது; விண்டோஸ் அதனைத் தானாகப் படிக்க அறியாது. ஆதலின், ‘இவ்வட்டையைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ எனப் பணிவுடன் வினவும். ஆம் என்றால் தாயாரின் மூன்று நாடாக்களும் கைநழுவும். வேண்டாம் என்று மறுத்து, நண்பர் ஒருவரின் லினக்ஸ் கணிப்பொறியை நாடினோம். எதையும் எழுதாமல் படிக்க மட்டும் பணித்து அட்டையைத் திறந்தபோது, மூன்று கோப்புகளும் பழுதின்றி இருந்தன. அவற்றை வேறு வட்டில் படியெடுத்து, முழுவதும் ஓடவிட்டுக் கேட்ட பிறகே மூச்சு சீரானது.

இனிப் புதிய நிறுவல். ‘படிமம்’ என்பது ஓர் அட்டையின் உள்ளடக்கம் முழுவதையும், பகுதிப் பிரிவுகள் உட்பட, அப்படியே வார்த்தெடுத்த ஒரு கோப்பு. அதனைச் சாதாரணக் கோப்பைப் போல அட்டைக்குள் நகலெடுத்து வைத்தால் கருவி விழித்தெழாது. அதற்கென உள்ள எழுது கருவியால் அட்டையின் முதல் அணுவிலிருந்து வார்க்க வேண்டும். அப்பணிக்கு ராஸ்பெரி பை நிறுவனத்தாரே 2020இல் ‘இமேஜர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். எழுதியதைத் தானே மீண்டும் படித்து மூலத்துடன் ஒப்பிடுவது அதன் சிறப்பு. பழைய அட்டையின் மீது நம்பிக்கை குறைந்தமையால் அதனை உறையிலிட்டு, புதிய அட்டை ஒன்றில் படிமத்தை எழுதினோம்.

பச்சை விளக்கு மீண்டும் விறுவிறுவெனச் சிமிட்டியது. ஆயினும் எழுந்து வந்தது எங்கள் பழைய கருவி அன்று. தான் இங்கிலாந்தில் இருப்பதாகவே அது எண்ணியது. நாடு எது என்னும் வினாவுக்கு அது முன்வைக்கும் விடை அதுவே. அதனை மாற்றாது விட்டால், கோடையில் நம் கடிகாரத்துக்கு நான்கரை மணி பின்தங்கியே அது நடக்கும். எங்கள் திரையில் தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. தமிழ் எழுத்துருவைத் தனியே நிறுவிய பின்னரே எழுத்துகள் உருக்கொண்டன. மற்றொரு கணிப்பொறியிலிருந்து அதனை அழைத்தபோதோ, ‘முகவரி பழையது, அடையாளம் வேறு, ஏமாற வேண்டாம்’ என்று எச்சரிக்கை வந்தது. நிறுவல்தோறும் புதிய அடையாளச் சாவி பிறப்பதால் எழும் எச்சரிக்கை அது. பழைய சாவியின் குறிப்பை நீக்கிய பிறகே இரண்டும் பேசிக்கொண்டன.

உலகத்தார் அனைவருக்கும் பொதுவானது எத்தனை முறை அழிந்தாலும் மீண்டும் கிடைக்கும். அதனை ஆக்கிக் காப்போர் பலர். நம் வீட்டுக்கே உரியது அவ்வாறு வருவதில்லை. நேரமும் எழுத்தும் குரலும் நாம் வைத்தால்தான் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் பிள்ளைகளின் நிலையும் இதனின் வேறன்று. இந்தியும் ஆங்கிலமும் கணக்கும் பள்ளி தரும், தெருவும் தரும். தமிழை அவர்களுக்கு எவரும் நிறுவித் தரப் போவதில்லை. வீடுதான் தர வேண்டும், அதுவும் கையால்.

பனையோலை செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர் ஏட்டைப் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அத்தகைய பல ஏடுகளை ஒப்பிட்டே அன்றோ? ஒரே ஏடு ஓரிடத்தில் இருப்பது காவல் ஆகாது என்பதே அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.

இப்போது தாயாரின் பதினொரு நாடாக்களுக்கும் மூன்று படிகள் உள்ளன. ஒன்று கூடத்துக் கருவியில் இருக்கிறது. “எல்லாரும் சௌக்கியமா இருக்கியளா?” என்று அதில் அவர் கேட்கும்போது, தன் ஆச்சியைக் கண்டறியாத எங்கள் மகள், “இருக்கோம் ஆச்சி” என்று விடை சொல்லப் பழகியிருக்கிறாள். மற்றொன்று பேழையில் உள்ள வட்டில் இருக்கிறது. மூன்றாவதை, பாளையங்கோட்டையில் வாழும் தம்பியின் வீட்டுக்கு அனுப்பி வைத்துள்ளோம்.