தெளிவான முனையில் ஒரு காற்றாலை

நாங்கள் புவாண்ட்-கிளேருக்குக் குடிவந்த முதற் கிழமையே ஐயா கேட்டார்: "தம்பி, இங்கை எல்லாக் காருக்கும் பின்னாலை ஒரே வசனம் எழுதிக் கிடக்கு. என்னடா அது?"

இலக்கத் தகட்டில் உள்ள பிரெஞ்சு வசனத்தைத்தான் ஐயா சொன்னார். 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்பது அதன் பொருள். இதுவே கியூபெக் மாகாணத்தின் வாசகம். கியூபெக் நகரச் சட்டமன்றக் கட்டடத்தை வரைந்த தஷே என்பவர் 1883 இல் அதன் வாசலுக்கு மேலே பொறிப்பதற்காக இதைத் தெரிவு செய்தார். 1978 முதல் கார்களிலும் வந்துவிட்டது.

"எதை நினைவிலை வைச்சிருக்கினமாம்?" என்றார் ஐயா. அதைத் தஷே சொல்லவில்லை, இந்த நாட்டவர் இன்றும் அதுபற்றி வாதாடுகிறார்கள் என்றேன். ஐயா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

புதிதாக வந்துள்ள குடும்பங்களில் பிள்ளைகள் இவற்றைப் பாடமாகக் கொண்டு வருவார்கள். நாமும் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பது நல்லது. நீல நிறத்தில் வெள்ளைச் சிலுவையும் நான்கு லில்லி மலர்களும் கொண்ட கொடி 1948 ஜனவரி 21 இல் ஏற்றப்பட்டது. ஆனால் 'மாகாணத்தின் மலர் எது?' என்று கேட்டால் லில்லி என்று எழுதிவிடாதீர்கள். அந்த வெள்ளை லில்லி இந்த மண்ணுக்குரியதல்ல என்பதால், 1999 இல் இங்கே ஈரநிலங்களில் தானாக முளைக்கும் நீல ஐரிசுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். மகளின் வீட்டுவேலையில் நான் பிழைவிட்டுத்தான் இதைக் கற்றேன். பறவை, வெண்பனி ஆந்தை.

கியூபெக்கின் பரப்பு சுமார் 15 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஆனால் சனம் 2021 கணக்கெடுப்பின்படி 85 இலட்சம்தான். அவர்களிலும் பெரும்பகுதியினர் சென் லோரன்ஸ் ஆற்றை ஒட்டியே வாழ்கிறார்கள். மொன்றியல் அந்த ஆற்றில் ஒரு தீவு. அதன் மேற்குப் பகுதியில், ஆறு அகன்று சென் லூயி ஏரியாக விரியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருப்பது எங்கள் முனை. புவாண்ட்-கிளேர் என்றால் 'தெளிவான முனை'. பருத்தித்துறையையும் வெள்ளைக்காரன் முனை என்றுதானே பெயரிட்டான்!

முனையில் 1710 அளவில் கட்டிய கற்காற்றாலை நிற்கிறது. அக்காலத்தில் மொன்றியல் தீவு சுல்பீசியக் குருமாரின் உடைமை. குடியானவன் தன் தானியத்தை அவர்களின் ஆலைக்கே கொண்டுபோக வேண்டும். அரைத்ததில் 14 இல் ஒரு பங்கை ஆலைக்குக் கொடுக்க வேண்டும். ஊரில் மில்லுக்கு மா திரிக்கப் போனவர்களுக்கு இது விளங்கும்.

இங்கே சுமார் 33,000 பேர் வாழ்கிறார்கள். 2002 இல் புவாண்ட்-கிளேரை மொன்றியலோடு இணைத்தார்கள். சனம் 2004 இல் வாக்களித்துப் பிரிந்து, 2006 ஜனவரி 1 முதல் மீண்டும் தனி நகரமாயிற்று. மேயரும் எட்டு உறுப்பினர்களும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரிவாகிறார்கள். குடியுரிமை பெற்ற பின்னரே எமக்கு வாக்குண்டு.

நகரசபைக்கு இருமொழித் தகுதி உண்டு, கடைகளில் ஆங்கிலம் தாராளம். அதை நம்பி, பிள்ளையை ஆங்கிலப் பாடசாலையில் சேர்க்கலாமென்று வந்தோம். முடியாது என்றார்கள். 1977 ஆம் ஆண்டின் 101 ஆம் சட்டப்படி, புதிதாக வந்தவர்களின் பிள்ளைகள் பொதுவாக இடைநிலைக் கல்வி முடியும்வரை பிரெஞ்சிலேயே படிக்க வேண்டும். வீடு தேடும்போதே இதை மனதில் கொள்ளுங்கள். மகள் மூன்று மாதம் அழுதாள். இப்போது மருந்துக் கடையில் நான் வாய் திறந்தால் பின்னால் நின்று திருத்துகிறாள்.

இன்னொன்று, வருமான வரிக்கு இங்கே இரண்டு படிவம்: ஒன்று கனடாவுக்கு, ஒன்று கியூபெக்குக்கு. மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்து வருவதால் மற்ற மாகாணங்களைவிட மலிவு. குளிர்காலச் சிட்டையைப் பார்க்கும்போது நம்ப மாட்டீர்கள்!

ஐயாவைக் காற்றாலைக்குக் கூட்டிப்போனோம். சென் ஜோவாக்கிம் தேவாலயத்துக்கு அருகேதான் அது நிற்கிறது. நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "உப்பு மணம் இல்லை" என்றார். நீங்களும் குளிருக்கு முன் பிள்ளைகளோடு போய் வாருங்கள். காற்றுப் பலமாக அடிக்கும், மேலங்கி கொண்டு போங்கள்.