கடைத்தெருவில் நிற்பவர்கள்



நம் ராஜகீழ்ப்பாக்கத்திற்குத் தெற்கே, மறைமலைநகரிலுள்ள ஃபோர்டு ஆலையை அறிவீர்கள். 1999-இல் ஐகான் காரால் பெயர்பெற்ற அந்நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது; 2022-இல் அங்கே உற்பத்தி ஓய்ந்தது. இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடலாம்; நடுவயதில் மீண்டும் வேலை தேடுகிறவருடைய மனக்கலக்கத்தை எவ்வாறு கணக்கிடுவது?

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட எஜமானை நினைவுகூருங்கள். பதினோராம் மணி வேளையிலும் அவர் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைப்பார் இல்லை. எஜமான் அவர்களுக்கும் முழு நாட்கூலி கொடுத்தார். அவர்கள் வீட்டிலிருந்த பசியும் முழு நாளின் பசியன்றோ?

ஆகையால், வேலையிழந்த சகோதரரை நலம் விசாரித்ததோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் இடமுண்டா என்று இவ்வாரமே கேட்டுச் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.